ஒரே பெயர், வேறு ஆட்டம்: ஆக்‌ஷன் கேம் தொடர்கள் எப்படி உருமாறுகின்றன?

2018-இல் வந்த ‘காட் ஆஃப் வார்’ கேமை ஆடி முடித்த ஒருவர், அதே தொடரின் 2005-ஆம் ஆண்டு முதல் கேமைப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் திகைத்துத்தான் போவார். நாயகன் அதே கிரேடோஸ். வெளிறிய உடம்பு, மேலே ஓடும் சிவப்புப் பட்டை, அடங்காத கோபம் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் கன்ட்ரோலரில் வலது கட்டைவிரலுக்கு இருக்கும் ஸ்டிக்கைத் தள்ளினால் பார்வை திரும்பாது. கிரேடோஸ் தரையில் உருண்டு விலகுவான். எக்ஸ் பட்டனை அழுத்தினால் எம்பிக் குதிப்பான். புதிய கேமிலோ குதிப்பதற்கென்று ஒரு பட்டனே கிடையாது.

ஒரு தொடர் பத்து இருபது ஆண்டுகளில் இப்படி ஆளே மாறிப்போவது ஆக்‌ஷன் கேம்களில் சகஜம். புதிதாக ஆட வருபவர்களை இது ரொம்பவே குழப்புகிறது. எல்லாரும் புகழ்கிறார்களே என்று ஒரு தொடரின் பழைய பாகத்தை வாங்குவார்கள், கை ஒத்துழைக்காது, பத்து நிமிடத்தில் மூடி வைத்துவிடுவார்கள். எங்கே என்ன மாறியது, ஏன் மாறியது என்று தெரிந்தால் அந்தப் பழைய கேமையும் நிதானமாக அனுபவிக்கலாம்.

பாணி என்பது எது?

பாணி மாறிவிட்டது என்றதும் பலர் கிராஃபிக்ஸைத்தான் நினைக்கிறார்கள். முகத்தில் வியர்வைத் துளிகூடத் தெரிகிற அளவுக்குப் படம் மேம்பட்டிருந்தும் ஆட்டம் துளியும் மாறாமல் இருக்க முடியும். நான் பாணி என்று சொல்வது மூன்று விஷயங்களை. கேமரா எங்கே நிற்கிறது? கையில் இருக்கும் பட்டன்களால் என்னென்ன செய்ய முடிகிறது? எதிரி எத்தனை பேராக, எவ்வளவு தூரத்தில், எந்த வேகத்தில் வருகிறான்? இவற்றில் ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டும் கூடவே நகரும். முதலில் அசைவது பெரும்பாலும் கேமராதான். ஒரு தொடரின் வரலாற்றைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், கதையை விட்டுவிட்டு முதலில் கேமராவைக் கவனியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ரெசிடென்ட் ஈவில்: சுவரிலிருந்து தோளுக்கு

இதைக் கண்கூடாகக் காட்டுகிற தொடர் ‘ரெசிடென்ட் ஈவில்’. ஷின்ஜி மிகாமி இயக்கத்தில் கேப்காம் நிறுவனம் முதல் பாகத்தை 1996-இல் ப்ளேஸ்டேஷனில் வெளியிட்டது. அந்த இயந்திரத்தின் பிரதான நினைவகம் வெறும் 2 எம்.பி. ஒரு பழைய மாளிகையின் அறைகளை அதன் ஓவியங்கள், படிக்கட்டுகள், நிழல்களோடு முப்பரிமாணத்தில் அந்தந்த நொடியிலேயே வரைந்து காட்ட அது போதாது. அதனால் ஒவ்வொரு அறையையும் சில கோணங்களில் முன்கூட்டியே படமாக்கி வைத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தின்மேல் ஆட்களும் எதிரிகளும் சில பொருள்களும் மட்டும் முப்பரிமாணத்தில் நடமாடும். கேமரா ஆணி அடித்தாற்போல் சுவர் மூலையில் நிற்கும். நாலு எட்டு வைத்தால் காட்சி சட்டென்று வேறு கோணத்துக்குத் தாவும்.

பலரும் திட்டித் தீர்த்த ‘டாங்க் கன்ட்ரோல்’ இந்தக் கேமராவின் பிள்ளைதான். மேல் பட்டனை அழுத்தினால், பாத்திரம் தான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் நடக்கும். இடது, வலது பட்டன்கள் நின்ற இடத்திலேயே அதைத் திருப்பும். முதல் முறை ஆடுபவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் திரையின் திசைப்படி நடக்கவைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கோணம் மாறிய அடுத்த கணம் இடது வலதாகிவிடும். தப்பி ஓடுகிற ஆள் திரும்பி, துரத்தி வந்த ஜாம்பியின் கையிலேயே போய் விழுவார். ஆள் பார்க்கும் பக்கத்தை வைத்துத் திசையைக் கணக்கிட்டதால், கோணம் எத்தனை தடவை மாறினாலும் பிடித்த பட்டனை விடாமல் நேராக ஓட முடிந்தது.

பயமும் அங்கிருந்துதான் வந்தது. நடைக்கூடத்தின் திருப்பத்துக்கு அப்பால் யாரோ காலை இழுத்து நடக்கும் சத்தம் கேட்கும். கேமரா நம் ஆளைத்தான் காட்டிக்கொண்டிருக்கும், அவருக்கு எதிரே இருப்பதைக் காட்டாது. தோட்டாக்கள் குறைவு. பையில் நாயகன் கிறிஸுக்கு 6 இடங்கள், நாயகி ஜில்லுக்கு 8. ஆட்டத்தைச் சேமிக்க டைப்ரைட்டருக்கு மை நாடா வேண்டும், அதுவும் அளவாகத்தான் கிடைக்கும். இருட்டில் ஒரு கதவு மெல்லத் திறக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சிகூட, அடுத்த அறையை டிஸ்கிலிருந்து ஏற்றும் நேரத்தை மறைக்க வைத்ததுதான். இல்லாமைகளை வைத்தே ஒரு பாணியைக் கட்டியெழுப்பிய அந்தக் குழுவின்மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு.

நான்காம் பாகத்தை எப்படிச் செய்வது என்று கேப்காம் பல முறை முயன்று, பல முறை கலைத்தது. ஹிதேகி காமியா தலைமையில் உருவான ஒரு முயற்சி மூலத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டதால், 2001-இல் ‘டெவில் மே க்ரை’ என்று தனித் தொடராகவே வெளிவந்தது. வாளும் துப்பாக்கியும் மாற்றி மாற்றிப் பாய, எவ்வளவு அழகாக அடித்தோம் என்பதற்கு மதிப்பெண் தரும் கேம் அது. பாணி மாற்றத்தைத் தேடிப்போன வழியில் இன்னொரு தொடரே பிறந்துவிட்டது.

கடைசியில் 2005-இல் மிகாமியே இயக்கி, கேம்க்யூபில் வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 4’ கேமராவைச் சுவரிலிருந்து இறக்கி நாயகன் லியோனின் தோளுக்குப் பின்னால் வைத்தது. மாற்றியது இவ்வளவுதான். ஆனால் அதைத் தொடர்ந்து மாறியதைப் பாருங்கள்.

எங்கே குறி வைக்கிறோம் என்பது இப்போது துல்லியமாகத் தெரிகிறது. துப்பாக்கியின் லேசர் புள்ளி எதிரியின் உடம்பில் எங்கே விழுகிறதோ அதற்கேற்ப விளைவும் வேறாகிறது. முழங்காலில் சுட்டால் மண்டியிடுவான், தலையில் பட்டால் தடுமாறுவான். அந்த இடைவெளியில் ஓடிப்போய் ஒரு உதை விடலாம். எதிரே இருப்பது தெரிவதால், திருப்பத்தில் ஒருவனை ஒளித்து வைத்துப் பயமுறுத்தும் பழைய உத்தி அவ்வளவாகச் செல்லாது. அதனால் எதிரிகள் கூட்டமாக வந்தார்கள், பின்னாலிருந்தும் வந்தார்கள்.

தொடக்கத்தில் வரும் கிராமத்துச் சண்டையை மட்டும் எடுத்துக்கொண்டால்கூடப் போதும். கவையும் கோடாரியுமாக ஊரே துரத்துகிறது. ஒரு வீட்டுக்குள் ஓடி, அலமாரியைத் தள்ளிக் கதவை அடைக்கிறோம். மாடி ஜன்னலில் ஏணி சாய்க்கும் சத்தம் கேட்கிறது. ஓடிப்போய் ஏணியைத் தள்ளிவிட்டுத் திரும்பினால், கீழே மரம் அறுக்கும் ரம்பம் உறுமுகிறது. இவ்வளவு நெருக்கடியிலும் லியோனால் நடந்துகொண்டே சுட முடியாது. குறி வைத்தால் நின்றே ஆக வேண்டும். ஓடி வரும் எதிரிகளும் கிட்டே நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து நடப்பார்கள். யோசிக்க நமக்கு ஓரிரு நொடி கிடைக்கும். நிற்பதா ஓடுவதா என்பதை ஒவ்வொரு தோட்டாவுக்கும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கோயில் மணி அடித்து அந்தக் கூட்டம் கலைந்து போகும்போது ஆடுபவருக்கும் மூச்சு திரும்பும். தோளுக்குப் பின்னால் நிற்கும் இந்தக் கேமராவைப் பிறகு வந்த எத்தனையோ ஆக்‌ஷன் கேம்கள் எடுத்துக்கொண்டன.

அடுத்து வந்தவை இதே வழியில் இன்னும் வேகமாக ஓடின. ஐந்தாம் பாகம் (2009) இருவர் சேர்ந்து ஆடும்படி வந்தது. ஆறாம் பாகத்தில் (2012) நடந்துகொண்டே சுடலாம், தரையில் சறுக்கலாம், கைச்சண்டை போடலாம். வெடிகளும் துரத்தல்களும் பெருகின, பயம் கரைந்துவிட்டது. விற்பனை இருந்தும் பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அப்புறம் 2017-இல் ஏழாம் பாகம் கேமராவை நாயகனின் கண்ணுக்கே கொண்டுபோய்விட்டது. லூசியானாவில் ஒரு பாழடைந்த வீடு, அதில் ஒரு குடும்பம், கையில் கொஞ்சம் தோட்டா.

தோற்றத்தில் முதல் பாகத்துக்கும் ஏழாம் பாகத்துக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும். ஆனால் ஆடிப் பார்த்தால் இதுதான் முதல் பாகத்துக்கு மிகவும் நெருக்கமானது. முதல் பாகத்தின் கதவுகளுக்கு வாள், கவசம் என்று சின்னம் பொறித்த சாவிகள். இங்கே தேள், காகம், பாம்பு. அங்கே டைப்ரைட்டர், இங்கே கேசட் ரெக்கார்டர். பையில் இடம் போதாமல் எதை விட்டுச் செல்வது என்று தவிப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

கேமராதான் எல்லாம் என்று நினைத்துவிடாமல் இருக்க இன்னொரு உதாரணமும் வேண்டும். 2019-இல் வந்த இரண்டாம் பாகத்தின் ரீமேக், நான்காம் பாகத்தைப் போலவே தோளுக்குப் பின்னால்தான் கேமராவை வைத்தது. ஆனால் உதை இல்லை. தலையில் பல தோட்டாக்கள் வாங்கிய ஜாம்பி விழுந்து, நாம் தாண்டிப் போகும்போது மறுபடி எழும். போலீஸ் நிலையத்தின் குறுகிய நடைக்கூடங்களில், விடாமல் துரத்தும் ராட்சத எதிரி மிஸ்டர் எக்ஸின் கனத்த காலடி கேட்டுக்கொண்டே இருக்கும். அதே கேமராதான், ஆனால் கைக்குக் கொடுத்த சக்தியைக் குறைத்து எதிரியை அழுத்தமாக்கியதும் நான்காம் பாகத்தில் சிலிர்ப்பாக இருந்தது இங்கே பயமாகிவிட்டது.

கிரேடோஸின் கட்டைவிரல்

இனி காட் ஆஃப் வாருக்கு வருவோம். டேவிட் ஜாஃபி இயக்கிய 2005 கேமில் கேமரா தள்ளி, உயரத்தில் நின்றது. அது எப்போது எங்கே போக வேண்டும் என்பதை உருவாக்கியவர்களே தீர்மானித்தார்கள். தொலைவிலிருந்து பார்ப்பதால் சுற்றி நிற்கும் பத்துப் பேரும் ஒரே பார்வையில் தெரிவார்கள். சங்கிலியில் கட்டிய கத்திகளைச் சுழற்றி அத்தனை பேரையும் ஒரே வீச்சில் அடிக்கலாம். கேமராவைத் திருப்பும் வேலை நமக்கு இல்லாததால் வலது ஸ்டிக் சும்மா இருந்தது. அதை உருண்டு விலகுவதற்குக் கொடுத்தார்கள்.

2018 கேமின் இயக்குநர் கோரி பார்லாக். 2007-இல் வந்த இரண்டாம் பாகத்தை இயக்கியவரும் அவரே. கேமராவை கிரேடோஸின் முதுகுக்கு அருகில் கொண்டுவந்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஷாட்டில், வெட்டே இல்லாமல் கதையைச் சொன்னார். பார்வையைத் திருப்பும் பொறுப்பு நம் வலது கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. அங்கேதான் சிக்கல். கட்டைவிரல் ஸ்டிக்கில் இருக்கும்போது சதுரம், முக்கோணம் பட்டன்களை எப்படி அழுத்துவது? அதனால் அடிப்பது கன்ட்ரோலரின் தோள் பகுதியில் இருக்கும் ஆர்1, ஆர்2 பட்டன்களுக்குப் போனது. விலகுவது எக்ஸுக்கு வந்தது. ‘டார்க் சோல்ஸ்’ (2011) கேமும் அதற்கு முந்தைய ‘டீமன்ஸ் சோல்ஸ்’ (2009) கேமும் ஏற்கெனவே இப்படித்தான் ஆட்காட்டி விரலால் வாள் வீச வைத்தன; 2010-களின் பிற்பகுதியில் பெரிய ஆக்‌ஷன் கேம்கள் பலவும் இதே அமைப்புக்கு வந்து சேர்ந்தன.

கேமரா கிட்டே வந்ததில் இன்னொரு விலையும் இருந்தது. முதுகுக்குப் பின்னால் நிற்பவன் தெரிய மாட்டான். அதற்காகத்தான் கிரேடோஸைச் சுற்றிச் சின்ன அம்புக்குறிகள் எந்தத் திசையிலிருந்து ஆபத்து என்று காட்டுகின்றன. மகன் அட்ரியஸும் குரல் கொடுத்து எச்சரிப்பான். சுற்றிச் சுழலும் கத்திகளுக்குப் பதிலாக முதலில் கையில் கிடைப்பது, எதிரே இருப்பவனை வெட்டும் ஒரு கோடாரி. அதைத் தூர எறிந்து, முக்கோணத்தை அழுத்திக் கைக்கே திரும்ப அழைக்கலாம். கோடாரி உள்ளங்கையில் வந்து அறையும் அந்தத் தாக்கம், கன்ட்ரோலரின் அதிர்வோடு சேரும்போது கிடைக்கும் திருப்தி தனி. சலிக்கவே சலிக்காது.

கதையும் கேமராவோடு நெருங்கி வந்தது. தொலைவிலிருந்து பார்த்தபோது கிரேடோஸ் ஒரு கோபப் புயல், அவ்வளவுதான். கிட்டே போனதும் மகனின் தோளைத் தொடப்போன கை பாதியிலேயே தயங்கி நிற்பது தெரிகிறது. தான் தகப்பனானது இந்தக் கதையைப் பாதித்தது என்று பார்லாக் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். பழைய கேமராவில் அந்தத் தயக்கத்தைக் காட்டியிருக்கவே முடியாது.

ஏன் மாற்றுகிறார்கள்?

தொழில்நுட்பம் வளர்ந்ததால் என்பது பாதி பதில்தான். சலிப்பு இன்னொரு பாதி. ‘அசாசின்ஸ் கிரீட்’ 2009 முதல் 2015 வரை ஆண்டு தவறாமல் ஒரு பெரிய கேமாவது வெளியிட்டது. எதிரி அடிக்கும் தருணத்துக்காகக் காத்திருந்து, சரியாக எதிர்ப் பட்டனை அழுத்தினால் நாயகன் ஒரே அசைவில் அவனை வீழ்த்துவான். முதலில் பார்க்க அருமையாக இருந்தது, ஐந்தாவது கேமில் கை தானாகவே ஆடியது. 2014-இல் வந்த ‘யூனிட்டி’ வெளியான நாளில் பிழைகள் மலிந்து கிடந்து கேலிக்கு ஆளானது. 2016-இல் முதன்மை வரிசையில் கேம் எதுவும் வரவில்லை. 2017-இல் எகிப்தை வைத்து வந்த ‘ஆரிஜின்ஸ்’ சண்டையை அடியோடு மாற்றியது. ஆயுதம் உடம்பில் பட்டால்தான் அடி. அதனால் ஈட்டியின் நீளமும் நிற்கும் தூரமும் பொருட்டாகிவிட்டன. எதிரிகளுக்குப் பலத்தைக் காட்டும் லெவல் எண்ணும் வந்தது. மறைந்திருந்து குத்தினாலும் உயர்ந்த லெவல் எதிரி சாகாமல் திரும்பிப் பார்ப்பான். ரகசியக் கொலையாளியின் கத்திக்கு இப்படி ஒரு நிலையா என்று பழைய ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ‘ஒடிசி’ (2018), ‘வல்ஹல்லா’ (2020) என்று உலகம் பெருத்துக்கொண்டே போய், 2023-இல் ‘மிராஜ்’ மறுபடி ஒரே நகரத்துக்கு, ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத்துக்குச் சுருங்கியது.

மாற்றம் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. 1993-இன் ‘டூம்’ வேகமே உயிராக இருந்த கேம். 2004-இல் ‘டூம் 3’ அதை இருட்டுக்குள் மெல்ல நடக்கும் திகில் கேமாக்கியது. டார்ச்சைப் பிடித்தால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது. 2016-இல் மறுபடி வேகம். உயிர் குறைந்தால் பதுங்காமல், தடுமாறும் எதிரியிடமே பாய்ந்து அவனைக் கையால் முடித்தால் உயிர் கூடும். இந்த ஒரே விதி ஆடுபவரைச் சதா முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. 2025-இன் ‘தி டார்க் ஏஜஸ்’ கையில் கேடயம் கொடுத்து, விலகி ஓடாமல் நின்று தடுத்துத் திருப்பி அடிக்கச் சொன்னது.

சில நேரம் மாற்றத்தை ரசிகர்கள் ஏற்பதில்லை. டெவில் மே க்ரை தொடரை 2013-இல் நிஞ்ஜா தியரி என்ற வேறு குழு புதிதாகச் செய்தபோது, நாயகன் டாண்டேயின் வெள்ளை முடி கறுப்பானதே பெரிய சண்டையானது. கேம் உண்மையில் மோசமில்லை. ஆனால் 2019-இல் ஐந்தாம் பாகம் பழைய டாண்டேயோடு வந்தபோது கிடைத்த வரவேற்பு வேறு ரகம். இதற்கு நேர்மாறாக, தெருச்சண்டைக்குப் பேர்போன ‘யாகுசா’ தொடர் 2020-இல் நாயகனையும் மாற்றி, மாறி மாறி முறை வைத்து அடிக்கும் ஆட்டமாகவே ஆகிவிட்டது, வெற்றியும் பெற்றது. புது நாயகன் இச்சிபான் சண்டையைக் கற்பனையோடு பார்ப்பவன் என்று கதையிலேயே காரணம் வைத்ததால்தான் அது ஒட்டியது.

எங்கிருந்து தொடங்கலாம்?

வெளிவந்த வரிசையிலேயே ஆட வேண்டும் என்று கட்டாயமில்லை. கைக்குப் பழகிய புதிய பாகத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போவதே நல்லது. ரெசிடென்ட் ஈவில் என்றால் 2019-இன் இரண்டாம் பாக ரீமேக், அப்புறம் 2005-இன் நான்காம் பாகம், பிறகு முதல் பாகத்தின் 2002 ரீமேக். அதன் 2015 எச்டி பதிப்பில் இன்றைய முறைக் கட்டுப்பாடும் உண்டு. ஆனாலும் டாங்க் கன்ட்ரோலில் ஒரு மணி நேரமாவது ஆடிப் பாருங்கள். கோணம் மாறும்போது அதன் அருமை தெரியும். காட் ஆஃப் வாரில் 2018-இலிருந்து 2005-க்குப் போகும்போது பட்டன்களை முதலில் காலி இடத்தில் பழகிவிட்டு எதிரிகளிடம் போங்கள். அசாசின்ஸ் கிரீடில் ஆரிஜின்ஸும் இரண்டாம் பாகமும் (2009) ஆடினால் இரு பாணிகளும் பிடிபட்டுவிடும். டூமில் 2016-இல் தொடங்குங்கள். டூம் 3 ஆட ஆசை வந்தால் 2004-இன் மூல வடிவத்தையே தேடி எடுங்கள். 2012-இல் வந்த மறுபதிப்பில் டார்ச்சைக் கவசத்திலேயே பொருத்திவிட்டார்கள். துப்பாக்கியா வெளிச்சமா என்று ஒவ்வொரு அறை வாசலிலும் தவிக்க வைப்பது மூல வடிவம்தான்.